பட்டம் பார்த்து விதை, வேலை பார்த்துக் கருவி வாங்கு: வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

புதிதாகத் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் செய்யும் செலவு பெரும்பாலும் ஒரு கருவிப் பெட்டி. பிளாஸ்டிக் பிடி போட்ட கைக்கரண்டி, முள்கரண்டி, சின்னக் கத்தரி, பூப்போட்ட கையுறை என்று பத்துப் பன்னிரண்டு உருப்படி இருக்கும். தொட்டிச் செடிக்கு அவை போதும். வீட்டைச் சுற்றி மண் தரை உள்ளவர்களுக்கு உதவாது. கோடையில் காய்ந்து இறுகிய செம்மண்ணில் முதல் குத்திலேயே அந்தக் கரண்டி வளைந்துகொள்ளும்.

நம் ஊர்த் தோட்டத்தில் எந்த வேலையும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆனியில் வெட்டு, ஆடியில் விதைப்பு, புரட்டாசியில் கழிப்பு, ஐப்பசியில் வடிப்பு, பங்குனியில் மண்மேல் சருகு பரப்பி மூடாக்கு. அந்தந்த மாதத்துக்கான கருவியை அந்தந்த மாதத்தில் வாங்கினால் ஒன்றுகூட வீணாகாது, கையிலும் ஒரேயடியாகச் செலவு விழாது. அதனால் இந்த வழிகாட்டி கருவிப் பட்டியலாக இல்லாமல் மாத வரிசையில் போகிறது.

இதில் சொல்வது தமிழ்நாட்டின் சமவெளிக்கு: சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, நெல்லை வரை, கோவைப் பக்கமும் சேர்த்து. ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு. இரண்டு பருவமழையும் வாங்கும் கன்னியாகுமரியிலும் மாதங்களைக் கொஞ்சம் முன்பின் நகர்த்திக்கொள்ள வேண்டும். நான் மனதில் வைத்திருப்பது நாலைந்து சென்ட் மனையில் வீடு போக முன்னும் பின்னும் மிஞ்சும் ஐந்நூறு அறுநூறு சதுர அடி, ஒரு தென்னை, ஒரு முருங்கை.

எதையும் வாங்குமுன்: வெயில், மண், தண்ணீர்

காய்கறிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். ஆனால் வெயில் விழும் இடம் வருடம் முழுக்க ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சித்திரை முதல் வாரம் கழிந்ததிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வீட்டின் வடக்குப் பக்கத்தில் நல்ல வெயில் அடிக்கும். ஆவணிக்குப் பிறகு சூரியன் தெற்கே இறங்கிக்கொண்டே போய், மார்கழியில் அதே வடக்குப் பக்கம் முழுக்க வீட்டின் நிழலில் கிடக்கும். வைகாசியில் பார்த்து, இங்கே வெயில் பிரமாதம் என்று பாத்தி போட்டவர்களின் தக்காளி கார்த்திகையில் வெளிறி நீண்டு நிற்பது இதனால்தான். மழைக்கால, பனிக்காலப் பயிர்களுக்குத் தெற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் சரி. வடக்குப் பக்கத்தைக் கோடைக்கீரைக்கும், நிழல் தாங்கும் மஞ்சள், இஞ்சி, சேம்புக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மண். புதிதாகக் கட்டிய வீடு என்றால் மேலே அரை அடிக்குக் கொட்டிய செம்மண்ணும், அதற்குக் கீழே செங்கல் துண்டும், சிமென்ட் கட்டியும், சுண்ணாம்புமாக இருக்கும். அதன்மேல் எவ்வளவு உரம் போட்டாலும் செடி மஞ்சளடித்து நிற்கும். பாத்தி வரும் இடத்தில் மட்டுமாவது ஓரடி தோண்டிக் கட்டடக் கழிவை அள்ளிப் போடுவதுதான் வழி. பழைய மனையாக இருந்தால் ஒரு கைப்பிடி ஈர மண்ணைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் மணல் பாங்கு, தண்ணீரும் உரமும் தங்காது. நீளமாகத் திரிக்க வந்தால் களிப்பு, மழையில் வேர் அழுகும். மருந்து இரண்டுக்கும் ஒன்றே: மக்கிய தொழு உரமும் இலைதழை மட்கும்.

ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருந்து, பாத்தி காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்தால் பீன்ஸ், அவரை வகைகளில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். தென்னையும் சப்போட்டாவும் தாங்கும். கொய்யா ஓரளவு தாங்கும்.

ஆனி: மண்வெட்டி வாங்கும் மாதம்

ஆனியில் ஒரு கோடை மழை பெய்து மண் இளகிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெட்டுவதற்கு ஏற்ற தருணம். கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிரும் பதம் வந்திருக்க வேண்டும். மழையே வராவிட்டால் முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு நாள் விட்டு வெட்டுங்கள். காய்ந்த தரையில் மண்வெட்டியைப் போட்டால் மண்வெட்டிக்கும் கேடு, மணிக்கட்டுக்கும் கேடு.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கருவிக்கு நல்ல காசு போடச் சொல்வேன் என்றால் அது மண்வெட்டிதான். எப்படிப் பார்த்து வாங்குவது?

அச்சில் அழுத்திய மெல்லிய தகட்டு மண்வெட்டி பளபளவென்று இருக்கும், விலையும் குறைவு. வேரோ கல்லோ பட்டால் விளிம்பு மடங்கும். அடித்துச் செய்த மண்வெட்டி கனமாகவும் கொஞ்சம் கரடுமுரடாகவும் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். பிடி நுழையும் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். தகட்டோடு சேர்த்தே அடித்ததா, பிறகு பற்றவைத்ததா என்று தெரியும். மோசமாகப் பற்றவைத்தது அந்த இடத்திலேயே விட்டுப்போகும். தகட்டைத் தொங்கவிட்டு ஒரு கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்றால் எங்கேயோ விரிசல்.

அகலத் தகடு ஈரமண்ணை அள்ளவும் வரப்பு அணைக்கவும் நல்லது. இறுகிய தரைக்கு அகலம் குறைந்து நீண்ட தகடு ஆழமாக இறங்கும். வீட்டுக்கு ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நடுத்தர அகலம் எடுங்கள். தகடு பிடியை நோக்கிச் சற்று உள்வாங்கி இருந்தால் மண்ணை வாரிக்கொண்டு வரும். நிமிர்ந்து இருந்தால் மண் சறுக்கி விழும்.

பிடிக்குக் கருவேல மரம் நன்றாக உழைக்கும். மரத்தின் ரேகை பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். பிடியை நட்டமாக நிறுத்தினால் உங்கள் இடுப்பளவு வர வேண்டும். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அதைவிடக் குட்டை, முதுகு பிடித்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். தகட்டைத் தனியாக வாங்கி, உங்கள் உயரத்துக்குப் பிடி போட்டுத் தரச் சொல்லுங்கள். வாரச்சந்தையில் இரும்புச் சாமான் விற்பவர்களும் பட்டறைக்காரர்களும் கையோடு செய்து தருவார்கள். வீட்டில் உயரம் குறைந்தவர்தான் அதிகம் வேலை செய்வார் என்றால் அவர் இடுப்புக்குத்தான் அளவு. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல வீடுகளில் கருவி வாங்குபவர் ஒருவர், தோட்டம் பார்ப்பவர் இன்னொருவர்.

மண்வெட்டியோடு ஒரு இரும்புச் சட்டி, அஞ்சடிக் கடப்பாரை. கடப்பாரையை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. மரக்கன்றுக் குழிக்கும் பந்தல் கால் ஊன்றவும் வருடத்தில் ஓரிரு தடவைதான் வேண்டியிருக்கும், பக்கத்து வீட்டில் கட்டாயம் ஒன்று இருக்கும்.

வெட்டிய மண்ணைக் கட்டி உடைத்து ஒரு வாரம் வெயிலில் ஆறப்போடுங்கள். பிறகு பத்துக்குப் பத்தடிப் பாத்திக்கு இரண்டு மூன்று சட்டித் தொழு உரமும் ஓரிரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலக்கலாம். தொழு உரம் மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது, சூடும் இருக்கக்கூடாது. அரைகுறையாக மக்கிய சாணக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு நேராகத் தென்னங்குருத்துக்குத்தான் போகும். வாங்கிய எருவில் சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பரப்புங்கள், கோழி இருந்தால் அந்த வேலையை அதனிடமே விடலாம்.

ஆடி: விதைப்பு

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. ஜூலை நடுவில் பிறக்கும் ஆடியில் விதைத்தால், அடைமழை தொடங்கும் ஐப்பசிக்குள் செடிக்கு மூன்று மாத வயது. வேர் இறங்கியிருக்கும், தண்டு கெட்டிப்பட்டிருக்கும். புரட்டாசிக் கடைசியில் விதைத்த நாற்று அந்த மழையில் கரைந்து போகும்.

நேரடியாக விதைப்பவை: வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி. நாற்று விட்டு நடுபவை: கத்தரி, தக்காளி, மிளகாய்.

வெண்டை விதையையும், தோல் தடித்த பாகல், பீர்க்கு விதைகளையும் இரவு தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் ஊன்றுங்கள். வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி. 45 நாளில் காய் பறிக்கத் தொடங்கலாம். நாலு பேர் வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பொரியலுக்கு ஆக வேண்டுமானால் இருபது இருபத்தைந்து செடியாவது வேண்டும். ஐந்தாறு செடி வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

நாற்று விட 98 குழி உள்ள குழித்தட்டு, நாற்றங்கால் கடைகளில் கிடைக்கும். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, விதையின் கனத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வரும், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள். மூன்றையும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் நட நினைக்காதீர்கள். நடுவது மாலையில். கத்தரிக்கும் தக்காளிக்கும் இரண்டடி இடைவெளி விடுங்கள். நட்ட அன்று செடி செடிக்கு நடுவே வெறும் தரையாகத் தெரியும், ஆவணி முடிவதற்குள் அந்த இடம் மூடிவிடும்.

கீரை விதையைக் கால் படி மணலோடு கலந்து தூவினால் பரவலாக விழும். எறும்பு தூக்கிக்கொண்டு போகிறது என்றால் பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவிவிடுங்கள். எறும்புக்கு நொய் போதும், விதையை விட்டுவிடும். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம்.

பந்தல் அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் கொடி நன்றாகப் படர்ந்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தையில் போட்டால் அடுத்த ஐப்பசி வரை கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மற்ற மாதங்களில் வேண்டுமென்றால் குத்து அவரை ரகம் கேட்டு வாங்குங்கள். அதற்கு இந்தப் பிடிவாதம் கிடையாது.

இந்த மாதத்துக் கருவிகள் இரண்டு: ஒரு களைக்கொத்து, ஒரு பூவாளி. களைக்கொத்தை உட்கார்ந்து வெட்டுபவருக்குக் கைப்பிடி அளவிலும், குனிய முடியாதவருக்கு நீண்ட பிடியிலும் செய்து வாங்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நீண்ட பிடிதான் சரி. பூவாளியில் பார்க்க வேண்டியது தலைப்பகுதியின் துளை. துளை பெரிதாக இருந்தால் தண்ணீர் ஊற்றும்போதே விதை இடம் மாறும். தலை கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், போர் தண்ணீரின் உப்பு அடைத்துக்கொள்ளும்போது குத்தி எடுக்க வேண்டும்.

புரட்டாசி: வெட்டிக் கழிப்பது

தோட்டத்தில் ஆளுக்கு ஆள் தள்ளிப்போடும் வேலை இது. மழையோடு காற்றும் வரும், முருங்கை முதலில் சாயும். அது வலுவில்லாத மரம், உயரமாக விட்டால் பாதியில் ஒடிந்து மதில்மேலோ மின்கம்பிமேலோ விழும். காய்த்து முடித்த கிளைகளைப் புரட்டாசிக்குள் வெட்டிக் குறைத்துவிடுங்கள். பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கையை அறுவடைக்குப் பிறகு தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிடலாம், மறுபடி துளிர்த்துக் காய்க்கும். கிளை குறைந்தால் மழைக்காலத்தில் தண்டோடு அப்பிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சிக் கூட்டமும் கண்ணுக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும். பரவுமுன் ஒழிக்க அது வசதி.

மாமரத்தில் காய்ந்த கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை இவற்றை ஆவணியிலேயே எடுத்துவிடுவது நல்லது. ரொம்பப் பிந்தி வெட்டினால் தை மாதப் பூவில் குறையும். தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டை, நெற்று எல்லாவற்றையும் மரமேறுபவரைக் கூப்பிட்டு இறக்கிவிடுங்கள். பச்சை மட்டையை அழகுக்காக வெட்டச் சொல்லாதீர்கள். மட்டை குறைந்தால் காயும் குறையும்.

கருவி: கவாத்துக் கத்தரி, கைரம்பம், அரிவாள், துரட்டி.

கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வெட்டும் அலகு எதிர் அலகை உரசிக்கொண்டு தாண்டிப்போகும். துணி வெட்டும் கத்தரி வேலை செய்வது போலத்தான். மற்றதில் வெட்டும் அலகு ஒரு தட்டையான அடிமேல் வந்து அழுந்தும். பச்சைக் கிளைக்கு முதல் வகையை வாங்குங்கள், வெட்டுவாய் சுத்தமாக இருக்கும், சீக்கிரம் ஆறும். இரண்டாவது வகை பச்சைத் தண்டை நசுக்கும், காய்ந்த குச்சிக்கு மட்டும் உதவும். எதுவானாலும் கட்டைவிரல் கனத்துக்கு மேல் கத்தரியால் வெட்டாதீர்கள். அதற்கு மேல் ரம்பம். கனத்த கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தில் சாயும்போது தண்டின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு விழும்.

அரிவாள் பற்றி நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. லாரிப் பட்டா இரும்பில் அடித்தது நன்றாக முனை தாங்கும். பருமனைப் பார்த்து மயங்காமல் உங்கள் கைக்கு ஓங்க முடிகிற எடையில் எடுங்கள். துரட்டிக்குக் காய்ந்த மூங்கிலே போதும். அலுமினியத்தில் நீளமாக இழுத்துக்கொள்ளும் கம்புகள் இப்போது நிறைய விற்கிறார்கள், கைக்கு லேசாகவும் இருக்கும். ஆனால் மரத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிற வீட்டில் உலோகக் கம்பு வேண்டவே வேண்டாம். மூங்கிலும் ஈரமாக இருந்தால் கம்பிக்கு அருகே கொண்டுபோகக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை: மண்ணைத் தொடாதீர்கள்

அடைமழையில் பாத்திக்குள் இறங்கி மிதித்தால் மண் கெட்டியாகி, வெயில் அடித்ததும் செங்கல் போல் இறுகிவிடும். இந்த இரண்டு மாதமும் மண்வெட்டிக்கு ஒரே வேலை, தண்ணீர் வடிய வாய்க்கால் இழுப்பது. ஒரு நாளுக்கு மேல் வேர் தண்ணீரில் நின்றால் கத்தரி, மிளகாய், பப்பாளி எல்லாம் வாடும். பப்பாளிக்கு அது பெரும்பாலும் மரணம்.

மழைக்காலப் பாத்தி தரைக்கு மேல் அரையடி உயர்ந்திருக்க வேண்டும். கோடைப் பாத்தி தரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே பாத்தியை வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு, மழையில் அழுகுகிறது, கோடையில் காய்கிறது என்று புலம்புவதைவிட இரண்டு தடவை மண்வெட்டி பிடிப்பது எளிது.

ஆப்பிரிக்கப் பெருநத்தை இப்போது பல ஊர்களில் மழையோடு கிளம்பி வருகிறது. ஒரே இரவில் நாற்றுகளை மொட்டையடிக்கும். ஈரச் சாக்கை விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு வைத்தால் விடியுமுன் அங்கே வந்து ஒதுங்கும். கையுறை போட்டோ இடுக்கியாலோ பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், மனிதரைப் பாதிக்கும் ஒட்டுண்ணி அதில் இருக்கக்கூடும். செடிமேலும் பாத்தியிலும் உப்பைத் தூவாதீர்கள்.

புல் முழங்கால் உயரத்துக்கு நிற்பதும் இப்போதுதான். ‘பிரஷ் கட்டர் வாங்கலாமா?’ என்ற கேள்வியும் இப்போதுதான் வரும். ஐந்து சென்ட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். வருடத்தில் மூன்று நான்கு தடவைதான் புல் வெட்ட நேரும். மீதி நாள் அது மூலையில் கிடந்து, பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டர் அடைத்து, அடுத்த ஐப்பசியில் கயிறு இழுத்தால் கிளம்பாது. இயந்திரத்தோடு ஆள் வருவார், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவார். அரை ஏக்கர், தோப்பு என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் மதில் ஓரத்துக்கும் மரத்தடிக்கும் நைலான் கயிறு, புதருக்கு மட்டும் இரும்பு அலகு. முழங்கால் வரை காலணி, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ஓட்டக் கூடாது, சிறு கல் தெறித்தால் போதும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கும் விகிதத்தை அதன் கையேட்டில் பாருங்கள், பெட்ரோல் பங்கில் கேட்காதீர்கள்.

புல்லை வேரோடு எடுக்க மழை விட்ட மறுநாள் நல்ல நேரம், கோரை தவிர. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். கோடையில் தோண்டிக் கிழங்கைக் காயவிடுவதுதான் அதற்கு வைத்தியம்.

கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரம், குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, இலையை உருவி, உரம் வையுங்கள். பங்குனியில் பூ வரத்து எப்படி என்று அப்போது பாருங்கள். சமவெளியில் ரோஜாவுக்கும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து.

மார்கழி, தை: பூச்சியும் தெளிப்பானும்

முள்ளங்கி, பீட்ரூட், காரட், கொத்தமல்லி, காலிஃபிளவர் இவற்றுக்குச் சமவெளியில் இந்தக் குளிர்தான் ஏற்ற காலம். கார்த்திகை பிறந்து மழை இடைவெளி விடும்போது முள்ளங்கியும் கொத்தமல்லியும் தூவுங்கள். முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும். காரட்டுக்கு மண் ஓரடி ஆழத்துக்குக் கல்லில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு காலும் மூன்று காலுமாக விளையும். ருசியில் குறைவில்லை.

பனி இறங்கியதும் அவரைக் கொத்தில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி கருப்பாக அப்பும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பாருங்கள், பாதி போய்விடும். அதிகாலைப் பனி ஈரத்தில் சலித்த விறகுச் சாம்பலைத் தூவுவது பழைய முறை, வேலை செய்யும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கரையச் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். நடுவெயிலில் அடித்தால் இலை கருகும். வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யம் தெளிப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லிக்கு மேல் போக வேண்டாம்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகிக் காயும் வெளுத்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி (வைரஸ்). மருந்தால் செடி தேறாது. பிடுங்கித் தூரப் போடுங்கள், தயங்கினால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

தெளிப்பானில் 2 லிட்டர் கைவிசை போதும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் வயலுக்கு. மூக்கு பித்தளையாக இருந்தால் நீண்ட நாள் வரும். வாங்கும்போதே உள்ளே போடும் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், முதலில் போவது அதுதான். அடித்து முடித்த ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துவிடுங்கள். வேப்பெண்ணெய் உள்ளே உறைந்தால் தெளிப்பானைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தை அடுத்த பட்டம். புடலை, பீர்க்கு, பாகல், வெள்ளரி, கொத்தவரை போடலாம். ஒன்றரையடிக் குழி எடுத்து எரு நிரப்பி, குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, முளைத்ததும் நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

மாசி முதல் சித்திரை: தண்ணீர்

கோடையில் புதிதாக எதையும் பெரிதாகத் தொடங்காமல், இருப்பதைக் காப்பாற்றுங்கள். கீரை, கொத்தவரை, ஏற்கெனவே நிற்கும் கத்தரி போதும். காய்ப்பு ஓய்ந்த கத்தரியை முக்கால் அடி விட்டு வெட்டி எரு வைத்தால் மறுபடி தழைக்கும். தக்காளி பூத்தாலும் கடும் வெயிலில் பூ உதிரும். அதற்கு உரம் கொடுத்துப் பயனில்லை.

மூடாக்குக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. தென்னை ஓலை, வேப்பஞ்சருகு, வைக்கோல், எது கிடைக்கிறதோ அதை மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல் நாலு விரல் விட்டு. தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும். பங்குனியில் வேம்பும் வாதாமரமும் கொட்டும் சருகை வாரிக் கொளுத்துபவர்கள்தான் ஆனியில் எரு தேடி அலைவார்கள். அதை வார நீண்ட பிடி ஈர்க்கு விளக்குமாறும், பல் வைத்த இரும்பு வாரி ஒன்றும் போதும். சருகை ஊதித் தள்ளும் மின்கருவிகள் சிமென்ட் தரைக்கு ஆகும். மண் தரையில் சருகைவிடப் புழுதிதான் கிளம்பும்.

ஓஸ் பைப் வாங்கும்போது இரண்டாக மடக்கிப் பாருங்கள். மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது ஒரு கோடை தாங்காது. நடுவில் நூல் பின்னல் ஓடுகிற ரகம் விலை கூடினாலும் வெயிலில் விறைக்காது. முக்கால் அங்குலம் சீக்கிரம் நிரப்பும். ஆனால் முப்பது மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரோடு இழுக்கக் கனக்கும். வீட்டுக்கு அரை அங்குலமே போதும். ஊற்றிவிட்டு நிழலில் சுருட்டுங்கள். வெயிலில் கிடந்த பைப்பிலிருந்து முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதை நாற்றில் விட்டுவிடாதீர்கள்.

அக்னி நட்சத்திரத்தின் போது, மே 4ஐ ஒட்டித் தொடங்கி மூன்றரை வாரம், நாற்றுக்கும் கீரைக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டலாம். மேற்கு வெயிலை மறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வைகாசியில் ஒரு மழை விழுந்ததும் மஞ்சள், இஞ்சி, சேனைக்கிழங்கு நடுங்கள். மஞ்சளும் சேனையும் தையை ஒட்டி வெட்டுக்கு வரும், பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

கருவிகளை வைத்துக்கொள்வது

வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, ஒரு துணியில் தேங்காயெண்ணெயோ பழைய எஞ்சின் எண்ணெயோ தொட்டு இரும்பில் தேய்த்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இதை ஒருநாளும் தவறவிடக்கூடாது. மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள் எல்லாவற்றையும் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். தரையில் வாய் மேலாகக் கிடக்கும் மண்வெட்டியை மிதித்தால் பிடி எழுந்து முகத்தில் அடிக்கும்.

கோடையில் மரப்பிடி சுருங்கித் தகடு ஆடும். அவசரத்துக்குத் தலைப்பகுதியை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும். ஆடுவது நிற்கவில்லை என்றால் ஆப்பு மாற்ற வேண்டும். ஆடுகிற மண்வெட்டியை ஓங்காதீர்கள், கழன்று போகும் திசை யாருக்கும் தெரியாது. தகட்டின் விளிம்பு மழுங்கியிருந்தால் வீட்டில் அரம் போட்டுத் தீட்டலாம். தேய்ந்து குட்டையாகிவிட்டால் பட்டறையில் காய்ச்சித் தட்டி வாங்கலாம்.

கவாத்துக் கத்தரியை நோய் பிடித்த செடியில் வைத்த பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டே அடுத்த செடிக்குப் போங்கள். அதன் வெட்டும் அலகு ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும், எதிர்ப்பக்கம் தட்டை. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பழக்கத்தில் அரிவாள்மணையைப் போல் இரண்டு பக்கமும் பிடித்துவிடுவார். அதன் பிறகு இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, தண்டை வெட்டாமல் மென்று துப்பும். கழற்றி, சரிந்த பக்கத்தை மட்டும் காட்டித் தீட்டச் சொல்லுங்கள், அல்லது ஒரு சின்ன எண்ணெய்க் கல் வாங்கி நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.